அந்த நாக்காலியில வேண்டாம்

ஐயய்யோ, அதக் குடிச்சுடாத பொண்ணே! கிண்ணத்தையும் சாப்புடற குச்சியையும் அலசுறதுக்கு ஊத்துன மொத டீ அது. இந்தச் சட்டியில கொட்டு. ஆங். வடக்குச் சீனாக்காரியா? குவாங்சோவுக்குப் புதுசா? பாத்ததுமே நெனச்சேன்.

பைய அங்க வெக்காத கண்ணு. அந்த நாக்காலிக்கு ஆள் வருது. நீ இப்படி என் பக்கத்துல வா. முன்னப்பின்ன தெரியாதவங்க ஒரே மேசையில உக்காந்து சாப்புடறது இங்க சகஜம்தான், கூச்சப்படாத. ஞாயித்துக்கெழமக் கூட்டத்துல எடம் கெடச்சதே பெருசு.

கோழிக்கால் வேண்டாமா? மூஞ்சி போற போக்கப் பாரு! நகமெல்லாம் வெட்டிட்டுத்தான் வேக வெக்கிறாங்கடி. கடிக்காத, உறிஞ்சு. எலும்ப மட்டும் துப்பு. எப்படி? அப்படிச் சொல்லு. அந்த இறால் கொழுக்கட்டைய ஆற விடாத, மேல்மாவு வெறச்சுப் போயிரும்.

டீ தீந்துருச்சா? கூப்பாடு போடாத. கூஜா மூடியத் தொறந்து வெய்யி, பரிமாறுற பொண்ணே வந்து சுடுதண்ணி ஊத்துவா.

எனக்கா? இந்தக் கஞ்சியே போதும். வீட்டுல யாரும் இல்லம்மா. செவுத்தோடதான் பேசணும். ஒத்த ஆளுக்கு ஒல வெச்சா சோறு எறங்குதா சொல்லு. வாரம் பூரா சேத்து வெச்ச பேச்ச உன் தலையில கொட்டுறேன், பொறுத்துக்க.

ஏய், நாக்காலியிலேருந்து கைய எடுடி! ஆள் வருதுன்னு எத்தன தடவ சொல்றது? பாத்தியா, தண்ணி ஊத்த வந்தவ, நாம அசந்தா நாக்காலியவே தூக்கிட்டுப் போயிருவா.

யாருக்காகவா? வாசல்ல சாம்பல் கலர் சட்ட போட்டுக்கிட்டு எடம் தேடுறானே... திரும்பாத, திரும்பாத! எம்புள்ள அது. அவனுக்குத் தெரியாது. ரெண்டு வயசுல அவங்கப்பன் வீட்டுக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க. அம்மா செத்துட்டான்னு சொல்லியே வளத்துட்டாங்க. அவனோட அத்தக்காரிதான் மனசு கேக்காம, ஞாயித்துக்கெழம அவன் இந்தக் கடைக்கு வர்றான்னு போன வருசம் எங்கிட்டச் சொன்னா.

சொல்லிடறதா? நல்லா சொன்ன போ. செத்தவ எந்திரிச்சு வந்து எதுத்தாப்புல உக்காந்தா யாருக்கு நெஞ்சு தாங்கும்? பாக்காமலும் இருக்க முடியலயே, பாவி மனசு.

ஒரு தடவ கடையில வேற எடமே இல்ல, இங்க வந்து உக்காந்தான். எனக்கு மொதல்ல ஊத்திட்டுத்தான் தனக்கு ஊத்திக்கிட்டான். வயசானவங்களுக்கு யாரும் செய்யுற மரியாததான். நான் ரெண்டு வெரலால மேசையத் தட்டினேன். டீ ஊத்துனவங்களுக்கு நாங்க நன்றி சொல்றது அப்படித்தான். நானும் எம்புள்ளயும் பேசுன பேச்சு அவ்வளவுதான்.

இங்கதான் வர்றான். நீ குனிஞ்சு சாப்புடு. வாயத் தொறந்துடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்.

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இல்லீங்க, இந்த நாக்காலிக்கு யாரும் வரல.