கமா சார்

கடைசி பெஞ்சில் உட்காருவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். முதுகு வலிக்கும், மின்விசிறிக் காற்று வராது, முன்னால் இருக்கிற பையனின் தலை பலகையில் பாதியை மறைக்கும். எனக்குச் சம்பளம் கொடுத்ததே அங்கே உட்காருவதற்குத்தான். பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் மேம்பாட்டு மையம் என்று ஓர் அறை உண்டு. நான்தான் அந்த மையம், இன்னொரு ஆள் கிடையாது. வகுப்பெடுக்கிறவர்களுக்குப் பாடம் தெரியும், நடத்தத்தான் வராது. அதைப் பழக்கிவிடுவது என் வேலை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை.

இயற்பியல் விரிவுரையாளர் முதல்முறை வந்தபோது உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார். சின்ன வயதிலிருந்தே அவருக்குத் திக்குவாய். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆண்டு முடிவில் ஒரு குழுவின் முன்னால் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "எனக்கு வே... வேற எதுவும் தெரியாது சார். இதுதான் தெரியும், இதுதான் பிடிக்கும்" என்றார். சொல்லும்போது கண் கலங்கியது.

அவரை நான்தான் தேற்றினேன். இதை யாரும் மறுக்க முடியாது. எந்த எழுத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். மூச்சு விடுங்கள், பலகையைப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள் என்றேன். அரை வாக்கியத்தில் நிற்பார், சற்றுப் பொறுத்து மீதி வரும். கொஞ்ச நாளில் திக்கல் போன இடம் தெரியவில்லை. என் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஒருநாள் வராந்தாவில் என்னைப் பார்த்து, "இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன் சார். நானே சமாளிச்சிக்குவேன்னு தோணுது" என்று சிரித்தார். துறைக் கூட்டத்தில் தலைவர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாராம். எப்படி இப்படி மாறினீர்கள் என்று கேட்டதற்கு, பிள்ளைகள் பொறுமையாக இருந்தார்கள் என்றாராம். பிள்ளைகள். நான் கோபப்படவில்லை. எல்லாரும் அப்படித்தான். தேறும்வரை கதவைத் தட்டுவார்கள், தேறியதும் என்னைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்குவார்கள். கறிவேப்பிலையாக இருந்து எனக்குப் பழக்கம்தான். ஆனால் இவர் விஷயத்தில் வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பருவத்தின் நடுவில் ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நான் மட்டும் மாணவர்களிடம் பேசுவேன். இவர் பாடத்தில் எது உதவுகிறது, எது இடிக்கிறது என்று கேட்பேன். பிறகு அதை ஆசிரியரிடம் தனியாகச் சொல்வேன். துறைத் தலைவரின் காதுக்குக்கூடப் போகாது. பிள்ளைகள் என்னை நம்பிச் சொல்வார்கள், ஆசிரியர் என்னை நம்பிக் கேட்பார். நடுவில் நான் ஒருவன்தான்.

அவர் வகுப்பிலும் கேட்டேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"நாங்க அவருக்கு கமா சார்னு பேரு வச்சிருக்கோம் சார்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சொல்லிக்கிட்டே வந்து டக்குன்னு நிப்பாரு. அந்த கேப்லதான் எங்களுக்கு மண்டையில ஏறுது. மத்தவங்கெல்லாம் மூச்சு விடாம ஓட்டிட்டுப் போயிடறாங்க."

"அவரு மாறிடக் கூடாதுன்னு சொல்லிடுங்க சார்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

வெளியே வந்தேன். அவர் படிக்கட்டருகே விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "என்ன சார் சொன்னாங்க?" என்றார்.

"உங்களுக்கு கமான்னு பேரு வச்சிருக்காங்க சார்."

"க... கமாவா?"

"நீங்க நடுவுல நடுவுல நிக்கறீங்கல்ல, அதான். எல்லாரும் சிரிச்சாங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெயர் வைத்தது உண்மை, சிரித்ததும் உண்மை. மீதியையும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நாளைக்கு உங்க ரூமுக்கு வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நிற்காமல் பேசப் பழக வேண்டும் என்றார். பழகலாம் என்றேன். வேகம் கூடக்கூடப் பழைய திக்கல் திரும்பியது. அவர் படுகிற பாட்டைக் காணச் சகிக்காமல் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கீழ குனிஞ்சு சி... சிரிக்கிறாங்களா சார்?" என்று கேட்டார்.

"நான் பின்னாடி உக்காந்திருக்கேன். எனக்கு முகம் தெரியாதே சார்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் வரும் நேரத்துக்கு முன்பே எதிர் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவைப்பேன்.

ஒருநாள் அவருக்குப் பதிலாக அவர் மனைவி வந்து அதில் உட்கார்ந்தார். "அண்ணா, வீட்ல அவர் பேசறதே இல்ல. பாப்பா கதை கேட்டா தலையை ஆட்டிட்டு எழுந்து போயிடறார். முன்னெல்லாம் நிறுத்தி நிறுத்தி எவ்வளவு அழகா சொல்வார் தெரியுமா? அவரைப் பழையபடியே விட்டுடுங்கண்ணா, வேலை போனாலும் பரவாயில்ல."

"பழகற வரைக்கும் கொஞ்சம் கஷ்டமாத்தாம்மா இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்றேன். அண்ணா என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. போகும்போது கைகூப்பிவிட்டுப் போனார்.

குழு வந்த நாளன்று 'மின்புலம்' என்ற சொல்லைத் தொடங்கினார். முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. நிறுத்தி மூச்சு விட்டிருந்தால் வந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை, முட்டிக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. குழுவில் ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்வரிசைப் பெண் தாங்க முடியாமல், "நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க சார், எங்களுக்கு அதான் புடிக்கும்" என்றாள். அவள் அக்கறையில்தான் சொன்னாள். அவர் காதில் அது எப்படி விழும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நேராக என் அறைக்குத்தான் வந்தார், நானும் பின்னாலேயே போனேன். வேறெங்கும் போகவில்லை, என்னிடம்தான் வந்தார். சட்டை நனைந்திருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்குப் ப... பசங்க... ஒரு வார்த்தைகூட நல்லதா சொல்லலையா சார்?"

அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். சொன்னால் நிமிர்ந்து பார்த்துச் சிரித்திருப்பார். அப்படியே எழுந்து அந்தப் பிள்ளைகளிடம் போயிருப்பார். பிறகு என் அறைக்கு வந்திருக்கவே மாட்டார். அதை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"குழுகிட்ட இன்னொரு தவணை கேட்டுப் பாக்கலாம் சார். அதுவரைக்கும் தினமும் வாங்க. நான் இருக்கேன்" என்றேன்.

தண்ணீரைக் குடித்தார். "தேங்க்ஸ் சார்" என்றார், திக்காமல். போய்விட்டார். அவர் வண்டி அணைக்கட்டின் மேல் நின்றிருந்ததையும் மற்றதையும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காரியங்கள் முடிந்த பிறகு அந்த முன்வரிசைப் பெண் என்னைத் தேடி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "சார், நாங்க சொன்னதை அவர்கிட்ட சொன்னீங்களா? அவர் நிக்கற இடத்துலதான் எங்களுக்குப் புரியுதுன்னு சொன்னோமே, அது அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"சொன்னேம்மா. ரொம்ப சந்தோஷப்பட்டார்" என்றேன்.

ஆறுதலாக இருக்கட்டுமே என்று அதை அவள் அவருடைய மனைவியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு நாளும் அவர் சந்தோஷமாக வீட்டுக்கு வரவில்லை என்பது மனைவிக்குத் தெரியும். அவர் புகார் கொடுத்ததால்தான் நான் இப்போது இந்த ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் அந்தப் பிள்ளையின் மனசு நோகக் கூடாதே என்றுதான் சொன்னேன்.