பாதிக் கூடை வயலட்

வயலட் பூவை எங்கள் பக்கத்தில் யாரும் வளர்ப்பதில்லை. புல்தரையிலும் காட்டோரத்திலும் தானாகவே வரும். குருத்தோலை ஞாயிறன்று அந்தப் பூ ஊறிய தண்ணீரில்தான் ஸாகோரியே மலைப்பக்கத்துக்காரர்கள் நாங்கள் முகம் கழுவுவோம். பூவைச் சனிக்கிழமையே பறித்து ஊறப்போட்டுவிட வேண்டும்.

அம்மா போனபோது தம்பி ஸ்வோன்கோவுக்கு ஆறு வயது. நான்தான் வளர்த்தேன். வந்த வரன்களையெல்லாம் அவனுக்காகத் தட்டிக்கழித்தேன். அவன் மனைவி லியெர்கா நல்ல பெண்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஈஸ்டர் முடிந்ததும் இருவரும் ஜெர்மனிக்குப் போவதாக இருந்தது. அவன் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது, ஐயா.

அந்தச் சனிக்கிழமை மதியம், தம்பி டவுனுக்குப் போயிருந்தபோது, அவள் கூடையோடு வந்து நின்றாள்.

"என்னக்கா, பூவையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? வாசல்ல ரெண்டே ரெண்டுதான் கெடக்கு."

"பின்னாடி காட்டோரமாப் போ. அங்க மண்டிக் கெடக்கு."

"நீங்களும் வாங்களேன். அடுத்த வருஷம் யாரு கண்டா?"

"எனக்கு முட்டி வலி. நீ போயிட்டு வா."

முட்டி வலி உண்மைதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு பாழுங்கிணறு இருப்பது வெளியூரிலிருந்து வந்தவளுக்குத் தெரியாது. மூடியிருந்த பலகைகள் உளுத்துப்போயிருந்தன. பலகைமேல் பூ எப்படி முளைத்தது என்று கேட்டீர்கள். ஜெர்மனியில் வேலை கிடைத்த கடிதம் போன அக்டோபரில் வந்தது. அந்த வாரமே பலகைமேல் மண் பரப்பி, காட்டிலிருந்து செடிகளை வேரோடு பெயர்த்துவந்து நான்தான் நட்டேன். பனிக்குத் தாங்குமா என்று சந்தேகமாக இருந்தது. தாங்கிவிட்டது.

"அக்கா, அக்கா" என்று வெகுநேரம் கூப்பிட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். மாவு உப்பி வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கிணற்றோரம் கிடந்த கூடையில் பாதி பூ இருந்தது. வீணாக்குவானேன் என்று எடுத்துவந்து ஊறப்போட்டேன்.

லியெர்கா எங்கே என்று தம்பி கேட்டான். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். மறுநாள் காலை அந்தத் தண்ணீரில் அவனும் முகம் கழுவினான்.

திங்கட்கிழமை உடைந்த பலகையை அவனே பார்த்துவிட்டான். உங்களைக் கூட்டிவந்ததும் அவன்தான் என்கிறீர்கள். ஏதோ கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், ஐயா. நான் போய்ச் சமைத்தால்தான் அவனுக்குச் சாப்பாடு.