ஒன்பதரை அங்குலம்

என் பெயர், கணவர் பெயர், கதவிலக்கம், தெரு ஆகியவை முதல் தாளில் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துணி வெட்டும் மாஸ்டராக வேலை பார்த்து வருகிறேன். வீட்டிலிருந்து தொழிற்சாலை பதினோரு கிலோமீட்டர், தினமும் சைக்கிளில் போய் வருகிறேன். என்னை யாரும் மிரட்டியோ கெஞ்சியோ இங்கே அழைத்து வரவில்லை. பேருந்து ஓட்டுநர் என்னை இடித்துத் தள்ளியதாகப் புகார் கொடுத்தவர் என் கணவர். அந்தப் புகார் தவறு என்று சொல்ல வந்திருக்கிறேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நானே ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் பகுதியில் சைக்கிள் ஓட்டுகிற பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து கிளம்புவது வழக்கம். அதில் மருந்துக்கடைக்கார அம்மா ஒருவர் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒவ்வொரு வாரமும் மேம்பாலம் ஏறும்போது என்னைத் தாண்டிப் போவார், போகிற போக்கில் மூச்சே வாங்காமல் "வாங்க, வாங்க" என்று வேறு சொல்லுவார். அவர் காலில் ஒரு தினுசான ஷூ இருப்பதைக் கவனித்தேன். அதன் பின் சைக்கிள் மெக்கானிக்கிடம் விசாரித்து, அதே மாதிரி ஷூவும் அதற்குரிய பெடலும் வாங்கி மாட்டிக்கொண்டேன். பொறாமைதான் காரணம், வேறு காரணம் இல்லை.

அந்த ஷூவின் அடியில் ஒரு உலோகத் துண்டு இருக்கும். மிதித்தால் டக் என்ற சத்தத்துடன் பெடலில் உள்ள கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பிறகு காலும் பெடலும் ஒன்று. மிதிக்கும்போது மட்டுமல்ல, காலைத் தூக்கும்போதும் வண்டி ஓடும். விடுவிக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், மேலே இழுத்தால் ஏழு ஜென்மத்துக்கும் வராது. மெக்கானிக் மாட்டிக்கொடுத்த பின் என்னிடம், "அக்கா, நிக்கிறதுக்கு முன்னாடியே காலைத் திருப்பிடுங்க. நின்னப்புறம் யோசிச்சீங்கன்னா தரைதான்" என்று சொன்னார். நான் சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார் என்று நினைத்து, தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதன் பின் நடந்தவை வரிசையாகப் பின்வருமாறு. முதல் முறை, மெக்கானிக் கடையிலிருந்து இருநூறு அடி தள்ளி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காக நின்றபோது நின்றபடியே சாய்ந்து விழுந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாம், மூன்றாம் முறை தொழிற்சாலை வாசலில், அடுத்தடுத்த நாட்களில். பார்த்தவர் காவலாளி. முதல் நாள் ஓடிவந்து தூக்கினார், மறுநாள் எனக்காக முன்கூட்டியே எழுந்து நின்றார். நான்காம் முறை ரயில்வே கேட்டில், கேட் திறக்கக் காத்திருந்த அத்தனை வண்டிகளுக்கு நடுவில். ஐந்தாம் முறை எங்கள் வீட்டு வாசலில், இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போனது.

இந்த இடத்தில் என் கணவர் குறுக்கிட்டு, "கட்டில் முனை இடிச்சிடுச்சுன்னு சொன்னியே?" என்று கேட்டார். கட்டில் முனை இல்லை என்று பதில் சொன்னேன். அவர் அந்தக் காயத்துக்கு ஒரு வாரம் தைலம் தேய்த்துவிட்டவர், கட்டிலின் நான்கு முனைக்கும் பழைய துணி சுற்றிக் கட்டியவர். அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறாம் முறை மருந்துக்கடைக்கார அம்மா முன்னிலையில். அவர் சிரிக்கவில்லை, தானும் பதினைந்து தடவை விழுந்ததாகச் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையா என்று எனக்குத் தெரியாது.

சம்பவ நாள் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, நான்கு சாலை சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்ததால் வேகத்தைக் குறைத்து இடது காலை முன்கூட்டியே கழற்றினேன். சரியாகச் செய்துவிட்டோம் என்று பெருமையும் பட்டுக்கொண்டேன். அதன் பின் முன்சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கியதில் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. வலது கால் பூட்டிய நிலையிலேயே இருந்தது. நின்ற சைக்கிளிலிருந்து நடுச்சாலைப் பக்கம் விழுந்தேன். ஊன்றிய வலது மணிக்கட்டு முறிந்தது. அப்போது எனக்குப் பின்னால் வலப்பக்கம் வந்துகொண்டிருந்த பேருந்து நின்றது. கண்ணைத் திறந்தபோது முன்பக்க டயர் தெரிந்தது. பேருந்து என் மீதோ சைக்கிள் மீதோ படவில்லை.

நான் அளந்தே பழகியவள். படுத்தபடியே இடது கையால் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். ஓட்டுநர் அதற்குள் இறங்கி வந்து மண்டியிட்டு, "ஒண்ணும் ஆகலியேம்மா?" என்று கேட்டார். "அண்ணே, இந்த முனைய டயர்ல வச்சுப் பிடிங்க" என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்காமல் பிடித்தார். என் ஹெல்மெட்டிலிருந்து டயருக்கு ஒன்பதரை அங்குலம் இருந்தது. அது ஒரு அரைக்கைச் சட்டையின் கை நீளம். அதைச் சத்தமாகச் சொன்னேன். அதன் பின் கூட்டம் கூடிவிட்டது. இடிக்கவில்லை, நானாக விழுந்தேன் என்று சொன்னேன். அடிபட்டு ரோட்டில் கிடந்துகொண்டு அளவெடுக்கிற பெண்ணின் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. "மண்டையில அடி, பாவம்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. ஓட்டுநரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டாம் பொத்தான் பிய்ந்து ரோட்டில் உருண்டது. நாடா அவர் கையிலேயே இருந்தது. அதன் பின் என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

மருத்துவமனையில் என் கணவரிடமும் பேருந்து இடிக்கவில்லை என்று சொன்னேன். அவர், "முப்பது வருஷமா ஓட்டுறவ நீ. நின்ன வண்டியில இருந்து தானா விழுறதுக்கு நீ என்ன கைக்குழந்தையா? அந்த ஆளு மேல இரக்கப்பட்டுப் பேசாத" என்று சொன்னார். நான் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி அவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அந்த நம்பிக்கையில்தான் புகார் கொடுத்தார், கெட்ட எண்ணத்தில் அல்ல. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் முந்தைய ஆறும் வெளியே வரும் என்பதே காரணம். இது என் தவறு, இதைத் தனியாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாளான இன்று நிலையத்துக்கு வந்தபோது ஓட்டுநர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழக்கு முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டு, டிப்போவில் டயர்களுக்குக் காற்று பார்க்கும் வேலை கொடுத்திருப்பதாகச் சொன்னார். குற்றம் உறுதியானால் உரிமம் போய்விடும். அதே சட்டைதான் போட்டிருந்தார். இரண்டாம் பொத்தான் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது, தையல் ஒழுங்காக இருந்தது. பையிலிருந்து என் அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தார். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்.

எப்படி அவ்வளவு சரியாக நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். ரயில்வே கேட்டில் நான் விழுந்ததைத் தன் இருக்கையிலிருந்து பார்த்ததாகவும், அதே தடத்தில் அதே நேரத்துக்கு வருவதால் அன்று முதல் என்னைக் கண்டால் வேகத்தைக் குறைத்தே வந்ததாகவும் சொன்னார். "நீங்க நின்னா விழுவீங்கன்னு தெரியும்மா. அதான் சிக்னலுக்கு முன்னாடியே பிரேக்ல கால் வச்சுட்டேன்" என்றார். எண்பது பேர் போகிற வண்டியை ஓட்டிக்கொண்டு ஒரு சைக்கிள்காரியின் காலையும் கவனித்த மனிதரை நான் இதற்கு முன் கண்டதில்லை. இதை அவர் முன்பே இங்கே சொல்லியும் நம்பப்படவில்லை என்று தெரிகிறது.

இதுவரை எழுதிய பின், நின்ற வண்டியிலிருந்து ஒருவர் எப்படி விழ முடியும், செய்து காட்ட முடியுமா என்று ஆய்வாளர் கேட்டார். முடியும் என்றேன். கை மாவுக்கட்டில் இருப்பதால் வேறு யாராவது ஏறட்டும் என்றார். என் ஷூ நிலையத்தில் இருந்த எவர் காலுக்கும் பொருந்தவில்லை. அதன் பின் முற்றத்தில் இரண்டு பாய் விரித்து, நிலையத்தில் வைத்திருந்த என் சைக்கிளை ஒரு காவலர் பிடித்துக்கொள்ள, நான் ஏறி இடது காலைப் பூட்டினேன். "விடுங்க" என்றேன். காவலர் விட்டார். நான் இடப்பக்கம் சாய்ந்தேன்.

பாயில் படவில்லை. சுவரோரம் பதினைந்து அடி தள்ளி நின்ற ஓட்டுநர் ஓடிவந்து ஒரு கையால் ஹேண்டில்பாரையும் ஒரு கையால் என் தோளையும் தாங்கிக்கொண்டார். ஆய்வாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், அவங்க விழுந்தாத்தானய்யா நீ தப்பிப்ப!" என்றார். ஓட்டுநர் என்னை விடாமலேயே, "தெரியுது சார். பாத்துக்கிட்டு நிக்க முடியல" என்றார்.

என் இடது கால் அப்போதும் பெடலில்தான் இருந்தது. என் கணவர் கீழே உட்கார்ந்து ஷூவை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பார்த்தார், வரவில்லை. ஆய்வாளரும் குனிந்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். டக் என்று வந்தது. அவர் எழுந்து போய் ஓட்டுநரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, புகாரைத் திரும்பப் பெறுவதாக ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்தார்.

ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை. அவரை உடனே வண்டி ஓட்ட விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னவற்றை எழுத்தர் முழுவதும் வாசித்துக் காட்டினார். முற்றத்தில் நடந்ததையும் சேர்த்து, விழுந்தது மொத்தம் எட்டு முறை என்று எழுதியிருந்தார். கீழே படாதது விழுந்ததில் சேராது என்று சொல்லி, எட்டை அடித்து ஏழு என்று திருத்தச் சொன்னேன். திருத்தப்பட்டது. மற்றபடி இதில் உள்ளவை அனைத்தும் நான் சொன்னவையே, நான் அறிய நடந்தவையே. வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் ஒப்பமிட்டுள்ளேன்.

(இடது கை ஒப்பம்)

திருத்தத்துக்குச் சாட்சி: கணவர் (ஒப்பம்)