இரவல் கோல்கீப்பர்

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. விதிகள் மட்டும்தான் தெரியும், சார்.

சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் லீக்குக்கு நான் செயலாளர். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அப்பா கம்பெனியில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்குக் கிடைத்த வேலை. கூட்டத்தில் நான் பேசமாட்டேன். எழுதி நீட்டுவேன், முதலாளிகள் படிக்காமலே ஒப்புக்கொள்வார்கள்.

விதி எளிது. ஒரு கம்பெனி ஆளை இன்னொரு கம்பெனி ஒரு சீசனுக்கு இரவல் வாங்கி ஆடவைக்கலாம். சொந்தக் கம்பெனிக்கு எதிராக மட்டும் அவர் ஆடக்கூடாது. நிரந்தரமாக மாற்ற, சொந்த முதலாளியின் சம்மதம் வேண்டும். அந்தக் கம்பெனியின் பட்டாசு உரிமம் நிறுத்தப்பட்டால் சம்மதம் வேண்டாம்; ஆளை யாரும் எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளர் நலன் கருதி அதைச் சேர்த்தவள் நான்.

முனியராஜ், மாரிசாமி மாமா கம்பெனி ஆள். எங்களுக்கு இரவல் கோல்கீப்பர். அரையிறுதியில் அவர் பெனால்டியைப் பிடித்த அன்றுதான் அப்பா என்னை முதல்முறையாக மேடைக்குக் கூப்பிட்டார். "டீமப் பூரா எம்மகதான் பாத்துக்கிடுறா" என்றார். அதை இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது.

இறுதிப் போட்டி மாரிசாமி மாமா கம்பெனியோடு. முனியராஜை நிரந்தரமாகக் கேட்டேன். மாமா சிரித்தார்.

"ஏந்தாயி, இரவல் வாங்குன கொடத்தத் தண்ணியோடயா கேக்கேன்? வெறுங்கொடத்தக் குடு, போதும்."

முனியராஜின் மனைவி வேல்விழிக்கு மாமா கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலை. மைதானத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்க வீட்டுக்காரர ஒரேயடியா எடுத்துக்கிடப் போறீகளாமே. சோறும் நீங்களே போட்டுருவீகளா? அம்புட்டும் திம்பாரு."

நானும் சிரித்தேன். எனக்கு வேல்விழியைப் பிடிக்கும்.

சனிக்கிழமை காலை, ஆட்டக்காரர்களைச் சரிபார்க்க வேண்டுமென்று மாமா கம்பெனிக்குப் போனேன். மருந்து அறையில் நான் செய்தது சின்ன வேலை. எப்படி என்று ஏற்கெனவே உங்களிடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் பற்றும்படி பார்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் மருந்து அறையில் ஒருவரும் இருக்கக்கூடாது. அது விதி, சுவரிலேயே எழுதியிருக்கிறது.

உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். விதியை மீறியவர்கள் அவர்கள். வேல்விழியும் அவர்களில் ஒருவர்.

சாயங்காலமே உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். முனியராஜ் எங்கள் நிரந்தர ஆட்டக்காரர் என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் தெரிவித்தேன். ஆட்டக்காரரைக் கேட்க வேண்டுமென்று விதியில் இல்லை.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. உரிமம் இல்லாத கம்பெனி இறுதிப் போட்டியிலும் ஆடமுடியாது. எதிரணி இல்லாமலே கோப்பை எங்களுக்கு வந்தது. கோல்கீப்பர் தேவைப்படவே இல்லை. அப்பா என்னை மேடைக்குக் கூப்பிட்டார். இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றோம். அந்த ஏற்பாடும் என்னுடையதுதான்.

முனியராஜ் வரவில்லை. வீட்டில் துக்கம் என்பதால் அபராதம் போடவில்லை.

கடைசியாக நீங்கள் கேட்டது. செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால், தீபாவளி சீசனில் யாரும் வேலையை விட்டுச் சாப்பிட வெளியே வரமாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா என்று.

மாமா கம்பெனி வழக்கம் எனக்கு எப்படித் தெரியும், சார்? எங்கள் கம்பெனியில் அப்படித்தான். சோற்றை மருந்து அறைக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னது நான்தான்.