திரும்பி வராத ராஜா நோட்டு

ராஜா: …இன்னைக்கும் ஒண்ணுகூட வரலையா? நல்லாப் பாரு மச்சான்.

மச்சான்: பாத்தாச்சு மாமா. பெட்டி முழுக்க இளவரசர் நோட்டுதான். உங்க மூஞ்சி போட்டது ஒண்ணுகூட இல்ல.

ராஜா: சொன்னேன்ல? வெளிய போறவங்க இளவரசரை உங்கிட்டக் குடுத்து நிஜக் காசா மாத்திக்கிறாங்க. என்னை மட்டும் ஞாபகத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோறாங்க.

மச்சான்: கொண்டுபோயி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவாங்க.

ராஜா: கிண்டலா?

மச்சான்: ச்சே, ராஜாவைப் போயி யாராவது கிண்டல் பண்ணுவாங்களா? முதல்ல அந்த மூக்குக்கண்ணாடியக் கழட்டுங்க. அந்தக் காலத்து ராஜாவாம், கண்ணாடியோட நிக்கிறாரு.

ராஜா: அந்தக் காலத்துல நோட்டு மட்டும் இருந்துச்சாக்கும்? பழங்காலக் கிராமம்னு டிக்கெட் போட்டு, வாசல்ல நிஜக் காசை வாங்கிக்கிட்டு விளையாட்டு நோட்டைக் குடுக்கறது. உள்ள குதிரை வண்டிக்கும் ஜூஸுக்கும் அதுதான் செல்லும்கறது. எல்லாம் நம்ம மேனேஜர் மூளை.

மச்சான்: பெரிய மூளை.

ராஜா: அது பத்தாதுன்னு நோட்டுல ரெண்டு மூஞ்சி. யாரு நோட்டு அதிகமாத் திரும்பி வருதோ, அவன் கிரீடத்தைக் கழட்டி வெச்சுட்டு வாசல்ல வேல் புடிக்கணுமாம்.

மச்சான்: புடிச்சா என்ன மாமா… காத்தோட்டமா இருக்கும்.

ராஜா: இத்தனை வருஷமா சிம்மாசனத்துல உக்காந்தவன்டா நான். போற வர்ற புள்ளைங்ககிட்ட ‘வரிசையில வாங்க’ன்னு கத்திக்கிட்டு நிக்கணுமா? அவமானமா இருக்கு மச்சான். நெனச்சா ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது.

மச்சான்: எப்படி வரும்? மெத்தைதான் மேடும் பள்ளமுமா இருக்காமே.

ராஜா: …எந்த மெத்தை?

மச்சான்: உங்க மெத்தைதான். அக்கா உதறப் போனாளாம். அடியிலேருந்து ராஜா ராஜாவா வந்து விழுந்தாராம்.

ராஜா: என் பொண்டாட்டி வாயில எதுவுமே நிக்காதா…

மச்சான்: தெனம் மத்தியானம் வேஷத்தைக் கலைச்சுட்டு, தொப்பி ஒண்ணைப் போட்டுக்கிட்டு, வாசல்ல போயி சம்பளத்தைக் குடுத்து உங்களை நீங்களே வாங்கியிருக்கீங்க. ‘வீட்டுக்குக் கொண்டுபோறாங்க’ன்னு எங்கிட்டப் பீத்தல் வேற.

ராஜா: நானும் வீட்டுக்குத்தானே கொண்டுபோனேன்.

மச்சான்: அது சரி.

ராஜா: இப்ப என்ன, ஜெயிச்சேனா இல்லையா?

மச்சான்: நல்லா ஜெயிச்சீங்க. அச்சடிச்ச உங்க நோட்டெல்லாம் தீந்துபோச்சு. இப்ப உள்ள வர்ற எல்லாருக்கும் இளவரசரைத்தான் குடுக்கறாங்க. உங்க மூஞ்சியக் கண்ணால பாத்தவனே இல்ல.

ராஜா: ஐயையோ… அப்ப மெத்தையில இருக்கறதை உங்கிட்டயே கொண்டாந்து குடுத்துர்றேன்.

மச்சான்: குடுங்க. அத்தனையும் திரும்பி வந்த கணக்குல ஏறும். நாளைக்கே வேல் கைக்கு வந்துரும்.

ராஜா: வெச்சிருந்தாலும் போச்சு, குடுத்தாலும் போச்சா?

மச்சான்: சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னா சும்மாவா?

ராஜா: மச்சான், நீதான் காப்பாத்தணும். நான் தர்றேன், கணக்குல ஏத்தாம, உள்ள வர்றவங்களுக்குக் குடுக்கற நோட்டோட கொஞ்சம் கொஞ்சமாச் சேத்துரு. யாருக்குத் தெரியப்போகுது?

மச்சான்: இனிமே எதுக்கு மாமா? இளவரசரு காலையில மேனேஜரோட சண்டை போட்டு, வேலையே வேணாம்னு போயிட்டாரு.

ராஜா: போயிட்டானா? அடப்பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? போட்டிக்கு ஆளே இல்லையே. அப்ப நான்தான்டா ராஜா.

மச்சான்: மேனேஜரும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு…

ராஜா: இழுக்காத.

மச்சான்: எப்படியும் புது நோட்டு அடிக்கணும், மூஞ்சியும் புதுசாவே இருக்கட்டும்னுட்டாரு. மத்தியானம் போட்டோகூட எடுத்தாச்சு. நீங்க அப்ப தொப்பி போட்டுக்கிட்டு வாசல்ல நின்னீங்க.

ராஜா: அப்ப எனக்கு… வேல்தானா?

மச்சான்: ம்.

ராஜா: எவன்டா அந்தப் புது மூஞ்சி?

மச்சான்: வெளியாளு இல்ல. உங்க கிரீடத்தை வெச்சுப் பாத்தாங்க, கொஞ்சம் லூசாத்தான் இருந்துச்சு. துணி வெச்சுச் சரிபண்ணிட்டாங்க.

ராஜா: என் கிரீடத்தைத் தூக்கித் தலையில வெச்சவன் எவனோ, அவன் மூஞ்சியில இந்த ஜென்மத்துல முழிக்கமாட்டேன். பேரைச் சொல்லு.

மச்சான்: …மாமா, அக்காகிட்ட மட்டும் நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. உன் தம்பி எவ்வளவோ வேணாம்னான், மேனேஜர்தான் கேக்கலைன்னு.