எட்டுத் தப்படி அளந்த விருத்தகிரி அவர்களுக்கு

மணிமுத்தாற்று மணற்புழுதியையே மாலையாய்ச் சூடிய மாண்பாளரே, கடிவாளம் பிடித்த கைக்குக் கனிவும் கால் தூக்கும் குதிரைக்குக் கணக்கும் கற்பித்த எங்கள் குதிரையேற்றப் பள்ளிப் பயிற்சியாளரே, இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் தாமதமாக வராத, வந்தபின் ஒருவரையும் நேரத்துக்கு வீட்டுக்கு விடாத பெருந்தகையே, விருத்தகிரி அவர்களே, வணக்கம்.

பிரிவுபசார மடலில் இந்த இடத்தில் தங்கள் நற்குணங்களை வரிசையாக வாசிப்பது வழக்கம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லித் தாங்கள் நழுவிவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம் தங்களை விட்டுவிட்டுச் சபையிடம் பேசுகிறோம். வேறு யாரையோ பற்றிய கதை என்று எண்ணித் தாங்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சபையோரே, விருத்தகிரியின் பயிற்சி முறை எளியது. பீங்கான் ஆலையில் சூளையில் கோணிப்போய் ஒதுக்கப்பட்ட குழாய்களை இரு பக்கமும் நிறுத்தி, நடுவே சவுக்கு மரக் கம்பைக் கிடத்துவார். முதல் மாதம் முழுதும் கம்பு தரையில்தான். குதிரை அதைத் தாண்டி நடக்கவும் ஓடவும் மட்டும் பழகும். பிறகு ஒரு சாண் உயரம், அதன்பின் முழங்கால் உயரம். மேலே இருப்பவர் குதிரையின் ஒவ்வொரு பாய்ச்சலையும் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணுகிறவருக்குப் பயப்பட நேரம் இருக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. முரட்டுக் குதிரைகள் நிதானப்பட்டதும், பிடரியைக் கட்டிக்கொண்டு உயிர் தப்பியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததும் இப்படித்தான்.

அடுத்த கட்டம் இரட்டைத் தடை. குதிரை முதல் தடையைத் தாண்டி இறங்கி, ஒரே பாய்ச்சல் எடுத்து, இரண்டாம் தடைக்கு எழும்ப வேண்டும். அதற்கு இரண்டுக்கும் நடுவே இருபத்துநான்கு அடி இடம் வேண்டும். அதை அளக்க அவர் டேப்பைத் தொட்டதே இல்லை. எட்டுத் தப்படி நடந்து குதிகாலால் ஒரு கோடு கிழிப்பார். தப்படிக்கு மூன்று அடி. தொடக்க காலத்தில் சந்தேகப்பட்டு அளந்து பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அசடு வழிந்ததுதான் மிச்சம்.

சென்ற ஆண்டு அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றே மாதத்தில் களத்துக்கு வந்துவிட்டார். அவர் வந்த கையோடு மைனா என்ற குதிரைக்குக் கெட்ட காலம் பிறந்தது. எங்கள் குதிரைகளில் மைனாவின் பாய்ச்சல்தான் நீளம். மற்றவை குட்டைப் பாய்ச்சல்காரர்கள். மைனா முதல் கம்பைத் தாண்டும், இரண்டாவதைத் தட்டிவிடும். போகப்போகத் தடையைக் கண்டாலே நின்றது. லாடம் மாற்றினோம், பல்லைப் பார்த்தோம், கறுப்புக் கயிறு கட்டினோம். மைனாவில் ஏறும் பிரபா பீங்கான் ஆலையில் வார்ப்புப் பிரிவு மேற்பார்வையாளர். "நீ எண்ணுறதுதாம்மா பிசகுது" என்று விருத்தகிரி அவரைக் கடிந்துகொண்டார். பிரபாவும் அதை நம்பி, குதிரையேற்றத்தையே விட்டுவிடுவதாக இருந்தார். பள்ளி உரிமையாளர் ரசியா பேகம் மனமில்லாமலே மைனாவை வேப்பூர்க் கல்யாண சாரட்டுக்காரருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

சாரட்டுக்காரர் குதிரையைக் கூட்டிப்போக வந்த காலையில், மழை பெய்து களம் ஈரமாக இருந்தது. விருத்தகிரி வழக்கம்போல எட்டுத் தப்படி நடந்து, கோடு கிழித்து, திரும்பிப் பார்த்தார். ஈர மண்ணில் அவர் காலடிகள் பதிந்திருந்தன. ஒன்று எட்டி, அடுத்தது கிட்ட. கடைசி வரை அப்படியே. பிரபாவின் பையில் ஆலை டேப் இருந்தது. வாங்கி அளந்தார். இருபத்திரண்டு அடி. மறுபடி அளந்தார். அதே இருபத்திரண்டு. குட்டைப் பாய்ச்சல்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது; ஏழு மாதமாக மைனா மட்டும் இடமில்லாத இடத்தில் பாய்ந்துகொண்டிருந்தது.

குழாய்களை இரண்டடி தள்ளிவைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால், குதிரையைத் திருத்திவிட்டார் என்று நாங்களே அவருக்குச் சால்வை போர்த்தியிருப்போம். அது அவருக்கும் தோன்றாமல் இல்லை. குழாயைத் தள்ளக் கையும் வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றதாகப் பின்னர் அவரே சொன்னார். பிறகு சாரட்டுக்காரர் உட்பட எல்லோரையும் கூப்பிட்டார்.

"குதிரை மேல ஒரு குத்தமும் இல்லீங்க. பிரபா மேலயும் இல்ல. ஆபரேசனுக்கப்புறம் என் தப்படி குட்டையாயிட்டுது, நான்தான் பாக்கல. தப்பா பேசிட்டேம்மா பிரபா, மனசுல வெச்சிக்காத."

"அப்ப தள்ளி வெச்சி ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க" என்றார் ரசியா பேகம்.

பிரபா ஏறினார். வாய்விட்டு எண்ணினார். இரண்டு கம்பும் வைத்தது வைத்தபடி இருந்தன. சாரட்டுக்காரர் டீ குடித்துவிட்டு, கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாளே விருத்தகிரி ஓய்வுக் கடிதம் கொடுத்தார். இனி டேப்பால் அளக்கலாமே என்று கெஞ்சிப் பார்த்தோம். "டேப்பே போதும்னா நான் எதுக்குங்க?" என்று கேட்டார்.  எங்களுக்கு அன்று வந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

இனி மீண்டும் தங்களிடம். ஐயா, களத்தின் ஓரமாக எட்டு வெள்ளைப் பீங்கான் வில்லைகளைப் பதித்திருக்கிறோம். பிரபா தம் ஆலையில் வார்த்துச் சுட்டுத் தந்தவை. முதல் தடையிலிருந்து முதல் வில்லைக்கு மூன்று அடி, பிறகு ஒன்றுக்கொன்று மூன்று அடி; மொத்தம் இருபத்துநான்கு. பெயர் எதுவும் பொறிக்கவில்லை. இங்கே தடை அளக்க வருகிற எவரும் இனித் தங்கள் பழைய காலால்தான் நடந்தாக வேண்டும்.

வலி மறந்த காலோடும் வாட்டம் அறியாத மனத்தோடும் தாங்கள் நெடுங்காலம் நடமாட வேண்டும். வில்லைகளின் அளவு சரிதானா என்று இப்போதே எழுந்துபோய்க் குனிந்து பார்க்க வேண்டாம், முட்டி நோகும். காலையிலேயே மைனாவை விட்டுப் பார்த்துவிட்டோம். கம்பு விழவில்லை.

இங்ஙனம்,
தங்கள் குரலுக்கு இன்னமும் நிமிர்ந்து உட்காரும்
குதிரையேற்றப் பள்ளிப் பணியாளர்களும் பயில்வோரும்,
விருத்தாசலம்.