எஞ்சின் நல்லாத்தான் இருக்கு

மாப்ள: இன்னொரு தடவை இழுங்க மாமா.

மாமா: இழுத்துட்டேன்டா. தோள்பட்டை கழண்டு கையோட வந்துரும் போல இருக்கு. எஞ்சின் மட்டும் அசைய மாட்டேங்குது.

மாப்ள: பெட்ரோல் வருதா?

மாமா: வருது. தண்ணியும் சேந்து வருது. காலையிலயே ரெண்டு தடவை இருமுச்சு...

மாப்ள: காலையிலயேவா? அப்பவே சொல்லிருக்கலாம்ல?

மாமா: சொன்னா? காப்பாத்துறதுக்கு இந்தப் படகு இல்லாம புள்ளைங்களக் கடல்ல விடக் கூடாதுன்னு நீதான் சட்டம் பேசுவ. இன்னைக்குத்தான் முதல் தடவையா தனியாப் பாய் விரிச்சுப் போகுதுங்க. பெத்தவங்க எல்லாம் கரையில வந்து நிக்கிறாங்க. எப்படிடா நிறுத்தச் சொல்ற?

மாப்ள: நல்லாப் பாக்கட்டும். முப்பது வருஷம் கப்பல்ல இருந்தவரு, பாய்மரப் போட்டியில கோப்பை வாங்கினவன், ரெண்டு பேரும் ஓசியிலயே சொல்லித் தர்றோம்னு மார்தட்டிட்டு வந்து, இப்படி நடுத்தண்ணியில... இருங்க, வாக்கிடாக்கி கூப்பிடுது. அக்காதான்.

மாமா: எடு. உங்கக்காகிட்ட வாயை விட்டுராத.

அக்கா: கரையில இருந்து பேசுறேன்டா. ஏன் உங்க படகு பக்கவாட்டுலயே போகுது?

மாப்ள: சும்மாதான்க்கா. இங்க இருந்து பாத்தா புள்ளைங்க படகு எல்லாமே தெரியுது.

அக்கா: உங்க மாமா எதையோ குனிஞ்சு குனிஞ்சு இழுக்குறாரே?

மாமா: குடுடா இப்படி... உடற்பயிற்சிம்மா. நீதான தொப்பை போட்டுருச்சுன்ன. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு.

அக்கா: நான் எஞ்சினைப் பத்திக் கேக்கவே இல்லையே.

மாமா: அதான்... நீ கேக்குறதுக்குள்ள சொல்லிட்டேன்.

அக்கா: சரி.

மாப்ள: நம்பிட்டாளா?

மாமா: கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, அவ "சரி"ன்னா என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் பிடிபடல. நங்கூரம் நிக்குதா பாரு.

மாப்ள: நிக்கல. அடி மணலை உழுதுக்கிட்டே கூட வருது. மாமா... அந்த அலைத்தடுப்புக் கல்லு எவ்வளவு கிட்ட வந்துருச்சு பாத்தீங்களா?

மாமா: பாத்தேன். துடுப்பைப் போடு.

மாப்ள: போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். காத்து அந்தப் பக்கமே தள்ளுது. அந்த அலையில கல்லு மேல தூக்கிப் போட்டுச்சுன்னா...

மாமா: தெரியும். பேசாம துடுப்பை வலி.

மாப்ள: நம்மகிட்டப் படிக்கிற அந்த நெட்டச்சி படகுதான் நமக்குக் கிட்ட இருக்கு. அவகிட்டயும் வாக்கிடாக்கி இருக்கு. கூப்பிட்டா கயிறு போட்டு இழுத்துருவா.

மாமா: கூடாது.

மாப்ள: மாமா...

மாமா: பதினஞ்சு வயசுப் பொண்ணுடா. இங்க வந்து பாயை ஒரு நொடி தப்பாத் திருப்புனா, நமக்கு முன்னாடி அவ போய் கல்லுல மோதுவா. அவங்கம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

மாப்ள: அக்கா மூஞ்சியில யாரு முழிக்கிறது?

மாமா: நமக்கு நீந்தத் தெரியும்.

மாப்ள: நீந்தத் தெரிஞ்சவன், தெரியாதவன்னு கல்லு ஆளு பாத்தா அடிக்கும்?

மாமா: வலிடான்னா...

மாப்ள: மாமா. அவ திரும்பிட்டா.

மாமா: யாரு?

மாப்ள: நெட்டச்சி. நேரா நம்மகிட்டத்தான் வர்றா.

மாமா: குடு அதை. ஏம்மா, திரும்பிப் போ. கேக்குதா? கிட்ட வராத... பதிலே இல்லடா.

மாப்ள: கையைக் காட்டுங்க.

மாமா: காட்டிட்டுத்தான இருக்கேன். கண்டுக்க மாட்டேங்குறா.

மாப்ள: வேகமா வர்றாளே... நம்மளத் தாண்டிட்டா அடுத்து கல்லுதான்.

மாமா: பாயைத் தளர்த்து... தளர்த்தும்மா தாயே... படகு மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பு...

மாப்ள: திருப்பிட்டா.

மாமா: நின்னுச்சாடா?

மாப்ள: நின்னுட்டா மாமா.

நெட்டச்சி: சார், கயிறு.

மாமா: போயிரு. சொன்னாக் கேளு...

நெட்டச்சி: வீசுங்க சார். ரொம்ப நேரம் நிக்க முடியாது.

மாப்ள: வீசுங்க மாமா.

மாமா: இந்தா... பிடி. பின்பக்கம் கட்டு. இறுக்கமா...

நெட்டச்சி: கட்டிட்டேன். நங்கூரத்தை எடுங்க சார்.

மாப்ள: அட, அதை மறந்தே போயிட்டோம்.

மாமா: காத்தைப் பக்கவாட்டுல வாங்கும்மா. அவசரப்படாத... அப்படித்தான்... அப்படியே பிடி...

மாப்ள: கயிறு விறைச்சிருச்சு. நகருது... மாமா, நகருது. கல்லு பின்னால போகுது.

மாமா: ம்.

மாப்ள: கண்ணுல என்ன மாமா?

மாமா: கடல் தண்ணி. நீ கயித்தைப் பாரு.

அக்கா: என்னங்க, படகு கிளம்பிருச்சு போல. எஞ்சின் எப்படி இருக்கு?

மாமா: நல்லாத்தான் இருக்கு. புள்ளைங்களுக்குப் படகு இழுக்கப் பயிற்சி குடுக்கிறோம்.

அக்கா: போதுங்க. பைனாகுலரை நான் கண்ணுல இருந்து எடுக்கவே இல்ல. நீங்க உடற்பயிற்சின்னு சொன்ன உடனே வேற சேனல்ல அவளைக் கூப்பிட்டேன்.

மாமா: நீயா அனுப்புன? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா...

அக்கா: அவங்களைக் கேட்டுட்டுத்தான் அனுப்புனேன். "என் பொண்ணால முடியுமா"ன்னு மட்டும் கேட்டாங்க. கண்டிப்பா முடியும், நான் கண்ணால பாத்திருக்கேன்னேன். இப்ப அவங்க இடுப்பளவு தண்ணியில இறங்கி நிக்கிறாங்க, காதுல விழாது, அதான் சொல்றேன்... அவ படகு இழுத்து நான் பாத்ததே இல்லங்க. உங்க ரெண்டு பேரையும் அந்தக் கல்லுகிட்ட விட்டுர எனக்கு மனசு வரல.